நல்ல வண்டி, சேராத ஊர்: வண்டலூர் ஸ்டாண்டர்ட் 2000ம் அமெரிக்கா போன ஆஸ்திரேலிய செடான்களும்

இது கொஞ்சம் நீளமான இழை. கார் வரலாறுதான், ஆனா கடைசியில் மருத்துவமும் வரும். பொறுமையா வாசிங்க.

1/
போன வாரம் ஓபியில் ஒரு பெரியவர். வயது 71. பல வருடச் சர்க்கரை, காலில் ஆறாத புண். டிரெஸ்ஸிங் மாத்தும்போது பேச்சுக் கொடுத்தா வலி தெரியாதுன்னு "என்ன ஐயா வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டேன்.

"டிரைவர் சார். ராஜபாளையத்துல மில்லு முதலாளி வண்டி. அம்பாசிடர்ல ஆரம்பிச்சு எல்லாம் ஓட்டியாச்சு. ஆனா ஸ்டாண்டர்ட் 2000 மாதிரி ஒரு வண்டி இனி வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல போனா சனமெல்லாம் நின்னு பாக்கும்."

2/
கூட வந்த மகனுக்கு 42 வயசு. அவரும் டிரைவர்தான். துபாயில் ஏழு வருஷம் ஓட்டிட்டு வந்தவர். அவர் சும்மா இருக்கல.

"அப்பா, நீங்க கேப்ரிஸ் ஓட்டினதில்ல. பேருதான் ஷெவர்லே, செஞ்சது ஆஸ்திரேலியாவுல. மிதிச்சா பறக்கும். இம்புட்டு நல்ல வண்டி அமெரிக்காவுல ஏன் சார் எடுபடல?"

உடனே அப்பா: "இம்புட்டு நல்ல வண்டி நம்ம ஊர்ல ஏன்டா எடுபடல?"

ஒரே கேள்விதான், ரெண்டு கண்டம். வெளியே வரிசை நீண்டு கிடந்ததால அங்கே பதில் சொல்ல முடியல. இங்கே சொல்றேன்.

3/
முதல்ல நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர். ஆடிப்பூரத்துக்கு வடம் பிடிச்சவங்களுக்கு அதோட பிரமாண்டம் தெரியும். அந்தத் தேர் அந்த நாலு ரத வீதிக்குன்னே செஞ்சது. வீதியின் அகலம், திருப்பம், முட்டுக்கட்டை போடுறவங்க கை, வடம் இழுக்குற கூட்டம், எல்லாம் சேர்ந்ததுதான் தேர். அதையே கொண்டுபோய் மதுரை ரோட்டுல நிறுத்தினா என்ன ஆகும்? தேரில் குறை இல்லை. வீதி வேற.

காருக்கும் இதே கதைதான்.

4/
1948ல் மெட்ராஸில் தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கைகோத்து, சென்னைக்கு வெளியே வண்டலூரில் தொழிற்சாலை. முதலில் வான்கார்டு, பிறகு சின்ன ஸ்டாண்டர்ட் கார்கள், 1961ல் ஹெரால்டு. பழைய தமிழ்ப் படங்களில் அந்த ஹெரால்டைப் பார்த்திருப்பீங்க.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்தில் ஹெரால்டு செடானுக்கு ரெண்டே கதவு. நம்ம ஊரில் முதலாளி பின்சீட்டில் உட்காருவார், டிரைவர் முன்னாடி. ரெண்டு கதவு சரிப்படுமா? 1960களின் கடைசியில் வண்டலூரில் நாலு கதவு ஹெரால்டு செஞ்சாங்க. அது இங்கிலாந்திலேயே கிடையாது. 1972ல் வந்த கெசலில் பின்பக்க அச்சையும் உறுதியானதா மாத்தினாங்க.

அதாவது, வெளியூர் வண்டியை நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி தைக்கத் தெரிஞ்ச கம்பெனி அது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

5/
1976ல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 வந்தது. முன்பக்கம் ஃபெராரி சாயல், பின்னால் சரிஞ்ச கூரை, உள்ளே 3.5 லிட்டர் வி8 இன்ஜின், ஏறத்தாழ 155 குதிரைத்திறன். 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது. அங்குள்ள போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் துரத்துறதுக்கு விரும்பி ஓட்டிய வண்டி.

அந்த வி8 இன்ஜினின் பூர்வீகம் அமெரிக்கா. பியூக் காருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செஞ்ச அலுமினிய இன்ஜின். அமெரிக்காவில் அதைக் கைவிட்டபோது 1960களின் நடுவில் ரோவர் அதன் உரிமையை வாங்கியது.

1980ல் அதே ரோவரை அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. புகை விதிக்காக இன்ஜினில் மாற்றம், மோதல் விதிக்காகப் பெரிய பம்பர், விளக்கு விதிக்காக வட்ட முகப்பு விளக்கு. அழகு போச்சு, வேகமும் குறைஞ்சது. அந்த நேரம் பவுண்டு மதிப்பும் ஏறியிருந்ததால் விலை எகிறியது. ரெண்டு வருஷத்திலேயே கடையைக் கட்டிட்டாங்க.

அமெரிக்க இன்ஜின் பிறந்த வீட்டுக்குப் போயும் வாழ முடியல.

6/
1985. ராஜீவ் காந்தி காலம். கார் தொழிலில் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர ஆரம்பிச்சிருந்த நேரம். அதே ரோவரின் உடம்பு வண்டலூர் வந்தது. பேர் ஸ்டாண்டர்ட் 2000.

உடம்பு மட்டும்தான் வந்தது. இதயம் வரல.

வி8க்குப் பதிலா 1,991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். வான்கார்டு காலத்து வம்சம், கம்பெனியின் வேன்களில் ஓடிக்கிட்டிருந்த இன்ஜினின் திருத்தின வடிவம். சுமார் 83 குதிரைத்திறன். இங்கிலாந்திலும் பிற்பாடு எஸ்டி1க்கு 2 லிட்டர் இன்ஜின் கொடுத்தாங்க, ஆனா அது வேற புது இன்ஜின். இங்கே ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடையுள்ள ஓட்டப்பந்தய வீரன் உடம்பில் பழைய வேன் இதயம். நம்ம ரோட்டுப் பள்ளத்துக்காகத் தரையிலிருந்து வண்டியை உயர்த்தவும் செஞ்சாங்க. தாழ்ந்து பாயுற தோரணையும் போச்சு.

7/
விலை? 2 லட்சத்தைத் தாண்டியது. அதே காலத்தில் மாருதி 800 வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1983 டிசம்பரில் அது வந்தபோது விலை 50 ஆயிரத்தை ஒட்டி. 796 சிசி. பெட்ரோல் குடிக்காது, தள்ளாமலே ஸ்டார்ட் ஆகும்.

ஸ்டாண்டர்ட் 2000ஐ வாங்கக்கூடியவங்க மில் முதலாளிகள், பெரிய ஒப்பந்ததாரர்கள், கம்பெனி நிர்வாகிகள். பெரியவரின் முதலாளி மாதிரி. பெருமைக்கு ஒரு தடவை வாங்குவாங்க. மறுபடி வாங்கவும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிபாரிசு பண்ணவும் மைலேஜ் வேணும், ஸ்பேர் வேணும், ராஜபாளையத்திலேயே கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் வேணும்.

8/
1988ல் உற்பத்தி நின்னது. காரோடு சேர்ந்து கம்பெனியும் சாய்ந்தது. நாற்பது வருஷம் மெட்ராஸில் கார் செஞ்ச ஒரு கம்பெனியின் கதை இப்படி முடிஞ்சது.

வண்டலூர்ல மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை ரொம்ப வருஷம் கழிச்சு ஓர் இங்கிலாந்து ஸ்பேர் வியாபாரி வாங்கிட்டுப் போனார். அங்கே பழைய ரோவரைப் பாதுகாக்குற ஆர்வலர்களுக்கு அது புதையல். நமக்குச் சேராத உடம்பு தன் ஊருக்கே திரும்பிப் போயிருச்சு.

பெரியவர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இது.

9/
இப்ப மகன் கேள்வி. ஆஸ்திரேலியா.

அங்கே ரெண்டு பெரிய கம்பெனிகள். ஃபோர்டு ஆஸ்திரேலியா, ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஹோல்டன். ரெண்டுக்கும் தாய்வீடு அமெரிக்கா. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நேர் ரோடு, கடும் வெயில், மண் சாலை. அதுக்குன்னே பெரிய இன்ஜின், பின்சக்கர இழுப்பு, நாலு கதவு, குடும்பமே உட்காரும் இடம். ஃபோர்டு பக்கம் ஃபால்கன், ஹோல்டன் பக்கம் கொமடோர். இந்த ரெண்டுக்கும் ரசிகர்கள் போடுற சண்டை நம்ம ஊர் எம்ஜிஆர் சிவாஜி ரசிகர் சண்டைக்குக் குறைஞ்சதில்லை.

மேலோட்டமாப் பார்த்தா அமெரிக்காவுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். ரத்த குரூப் கச்சிதமா சேருது.

10/
ஆனா எங்க ஆஸ்பத்திரியில் குரூப் சேர்ந்ததும் ரத்தம் ஏத்திட மாட்டோம். கிராஸ் மேட்ச் பார்ப்போம். நோயாளியின் ரத்தத்தையும் கொடையாளி ரத்தத்தையும் கலந்து பார்த்து, எதிர்ப்பு ஏதும் வரலைன்னு உறுதியான பிறகுதான் ஏத்துவோம். ரெண்டுமே நல்ல ரத்தமா இருந்தும், சேரலைன்னா உயிருக்கே ஆபத்து.

ஹோல்டன் மூணு தடவை அமெரிக்காவுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் குரூப் சேர்ந்தது, கிராஸ் மேட்ச் சேரல.

11/
முதல் தடவை: 2004 மாடல். ஹோல்டன் மொனாரோ. இது கொமடோரிலிருந்து பிறந்த ரெண்டு கதவு வண்டி. 5.7 லிட்டர் வி8. அமெரிக்காவில் போன்டியாக் ஜிடிஓன்னு பேர் மாத்தினாங்க. தப்பு அங்கேதான். ஜிடிஓங்கிறது 1964லிருந்து அமெரிக்கர்கள் கொண்டாடிய பேர். அந்தப் பேரைக் கேட்டதும் முரட்டு முகத்தை எதிர்பார்த்தாங்க. வந்ததோ அடக்கமான ஆபீசர் முகம். மூணு மாடல் ஆண்டுகளில் சுமார் 40 ஆயிரம் வண்டி, அத்தோட சரி. ஓட்டினவங்க வண்டியைக் குறை சொல்லல. பேரும் முகமும் சேரலைன்னுதான் சொன்னாங்க.

12/
ரெண்டாவது தடவை: 2008. கொமடோர் செடான், போன்டியாக் ஜி8ன்னு பேர். 6 லிட்டர் வி8, 361 குதிரைத்திறன். அங்குள்ள கார் பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின.

ஆனா வந்த நேரத்தைப் பாருங்க. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. 2009 ஏப்ரலில் போன்டியாக் என்ற பெயரையே மூடப் போறதா ஜெனரல் மோட்டார்ஸ் அறிவிச்சது. ஜூன் 1ல் தாய்க் கம்பெனியே திவால் மனு போட்டது.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியே இடிஞ்சு விழுந்தா நோயாளி என்ன பண்ணுவார்?

13/
மூணாவது தடவை: 2014 மாடல். ஷெவர்லே எஸ்எஸ். 6.2 லிட்டர், 415 குதிரைத்திறன். மூணிலும் சிறந்தது இதுதான்னு சொல்றவங்க நிறைய. ஆனா விலை 45 ஆயிரம் டாலரை ஒட்டி. பார்க்க சாதாரண ஷெவர்லே மாதிரி இருக்கும். விளம்பரமும் பெரிசா இல்லை. 2017 வரை விற்றது மொத்தமே ஏறத்தாழ 13 ஆயிரம்.

இதோடு நாணயக் கதையும் சேர்ந்தது. ஜிடிஓ போன காலத்தில் ஆஸ்திரேலிய டாலர் சுமார் 70 அமெரிக்க சென்ட். சுரங்கத் தொழில் கொழிச்ச 2011ல் அது அமெரிக்க டாலரையே மிஞ்சியது. அடிலெய்டில் கொடுக்குற அதே சம்பளம், அதே இரும்பு, டாலர் கணக்கில் ஏறிக்கிட்டே போச்சு. கப்பல் கூலி தனி. ஒவ்வொரு காரிலும் லாபம் கரைஞ்சது.

அமெரிக்கர்களின் ரசனையும் அதுக்குள்ள பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் போயிருச்சு. 2018 ஏப்ரலில் ஃபோர்டே வட அமெரிக்காவில் பெரும்பாலான செடான்களை நிறுத்தப் போறதா அறிவிச்சது.

14/
அப்ப துபாயில் மட்டும் எப்படி ஓடுச்சு?

தம்பி ஓட்டின கேப்ரிஸ் ஹோல்டன் வண்டிதான். வளைகுடாவுக்கு ஷெவர்லே கேப்ரிஸ், லுமினான்னு பேர் மாத்திப் பல வருஷம் அனுப்பினாங்க. அங்கே பெட்ரோல் மலிவு. ரோடு அகலம், நேர். வெயில் ஆஸ்திரேலியாவுக்கு இளைச்சதில்லை. பெரிய செடானுக்கு அப்ப மவுசு இருந்தது. ஷெவர்லே பேருக்கு மரியாதையும் இருந்தது.

கார் அதேதான். அமெரிக்காவில் தடுமாறினது வளைகுடாவில் நிமிர்ந்து ஓடுச்சு. காரின் தரம் மட்டுமே காரணம்னா இப்படி நடக்காது.

15/
தலைகீழ் உதாரணமும் நம்ம கையிலேயே இருக்கு. அம்பாசிடர். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 சில வருஷத்தில் மறந்துபோன ஒரு சாதாரண கார். இங்கே 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை ஓடியது. காரணம்? உயரமான வண்டி, அகலமான பின்சீட்டு, டீக்கடைக்குப் பக்கத்து மெக்கானிக்கே சரி பண்ணிடலாம். இன்னொண்ணையும் ஒத்துக்கணும். லைசன்ஸ் ராஜ்யத்தில் மக்களுக்கு வேற வழியும் இல்லை. வழி கிடைச்சதும் மாருதிக்கு மாறிட்டாங்க.

16/
இன்னொரு உதாரணம் நிறைய பேருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து கார்கள் அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஷோரூமில் வித்திருக்கு.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் செஞ்ச ஈகோஸ்போர்ட், 2018லிருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வி8 இல்லை, வேகம் இல்லை. அங்குள்ள விமர்சகர்கள் பெரிசா மெச்சவும் இல்லை. ஆனா சின்ன எஸ்யூவி, கைக்கு அடக்கமான விலை. 2019ல் மட்டும் அங்கே விற்றது 60 ஆயிரத்துக்கு மேல்.

பத்திரிகைகள் கொண்டாடிய ஷெவர்லே எஸ்எஸ் தன் ஆயுள் முழுக்க விற்றது இதில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. நம்ம செங்கல்பட்டு பக்கத்துத் தொழிலாளர் கை பட்ட சின்ன வண்டிதான் அமெரிக்காவுக்கு அதிகம் பொருந்தியிருக்கு.

17/
ஆக ஒரு வண்டி இன்னொரு ஊரில் வாழ மூணு பொருத்தம் வேணும்.

ஒண்ணு சாலை. ரெண்டு பாக்கெட். மூணு காலம்.

ஸ்டாண்டர்ட் 2000க்கு மூணும் சேரல. ஹோல்டனுக்கு அமெரிக்காவில் சாலை சேர்ந்தது, பாக்கெட்டும் காலமும் சேரல. வளைகுடாவில் மூணும் சேர்ந்தது. ஈகோஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவில் மூணும் ஓரளவு சேர்ந்தது.

"ஆஸ்திரேலிய வேக செடான் அமெரிக்காவுக்குப் பொருந்துமா?"ன்னு கேட்டா என் பதில்: ரோட்டுக்குப் பொருந்தும், சந்தைக்குப் பொருந்தல. நஷ்டத்தைத் தாங்கினது கார் இல்லை, அதைச் செஞ்ச மனுஷங்க.

18/
2016 அக்டோபரில் ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் கார் செய்றதை நிறுத்தியது. 2017 அக்டோபர் 20ல் அடிலெய்டு பக்கத்து எலிசபெத்தில் ஹோல்டன் ஆலை மூடியது. கடைசி நாளில் அங்கே கிட்டத்தட்ட 950 பேர் வேலையில் இருந்தாங்க. அத்தோடு ஆஸ்திரேலியாவில் கார் தயாரிக்கும் தொழிலே முடிஞ்சது.

2021 செப்டம்பரில், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்னு சொல்லி ஃபோர்டு இந்தியாவிலும் உற்பத்தியை நிறுத்தப் போறதா அறிவிச்சது. சுமார் 4 ஆயிரம் தொழிலாளர்கள் பாதிக்கப்படுவாங்கன்னு கம்பெனியே சொன்னது. 2022ல் மறைமலைநகரிலும் வரிசை நின்னது. 2024ல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்தப் போறதா தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்திருக்காங்க. நல்லதே நடக்கட்டும்.

வண்டலூர், எலிசபெத், மறைமலைநகர். மூணு இடத்திலும் கை வேலையில் குறை இருந்ததா யாரும் சொல்லல. பொருத்தம் பார்க்க வேண்டியவங்க சரியாப் பார்க்கல, அல்லது பார்த்தும் அவசரப்பட்டாங்க.

19/
இப்ப மருத்துவத்துக்கு வர்றேன்.

அன்னைக்கு அப்பாவுக்குக் கட்டுப் போட்டு முடிச்சதும் மகனைப் பார்த்து, "உங்களுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா தம்பி?"ன்னு கேட்டேன்.

"எனக்கு எதுக்கு சார்? போன்ல ஒரு ஆப்ல உயரம் எடை போட்டுப் பார்த்தேன். பிஎம்ஐ 24. பச்சைக் கலர்ல நார்மல்னு காட்டுச்சு."

165 செ.மீ உயரம், 66 கிலோ. கணக்கு சரி. இடுப்பு அளந்தேன், 94 செ.மீ. "நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க"ன்னு சொன்னேன். வந்தார். வெறும் வயிற்றில் 138. ஹெச்பிஏ1சி 7.2.

அப்பாவின் நோய் மகனுக்கும் வந்திருக்கு. எத்தனை நாளா இருக்குன்னு தெரியல. பச்சைக் கலர் அவரை நிம்மதியாத் தூங்க வச்சிருச்சு.

20/
அந்த ஆப் பொய் சொல்லல. அது வேற ஊர் ரோட்டுக்குச் செஞ்ச கணக்கு. பிஎம்ஐ 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்பது பெரும்பாலும் மேற்கத்திய மக்களை வச்சுப் போட்ட கோடு.

அதே பிஎம்ஐயில் நம்ம உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. கொழுப்பு தேடிப் போய் உட்காருற இடமும் வயிறுதான். அதனால இந்தியர்களுக்கு 23லேயே அதிக எடை, 25லேயே பருமன். இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ, பெண்ணுக்கு 80 செ.மீக்குள் இருக்கணும்.

ரோவருக்கு வண்டலூரில் தரை உயரத்தை மாத்தின மாதிரி இந்தக் கோட்டை நம்ம உடம்புக்குத் தகுந்தபடி மாத்தியாச்சு. அதைப் போன் ஆப்பும் தெரிஞ்சுக்கல, நம்ம மக்களும் தெரிஞ்சுக்கல. அதுதான் என் கவலை.

21/
அதனால ஒரு வேண்டுகோள்.

30 வயசு தாண்டிட்டீங்களா? வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கா? ஒல்லியா இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கோங்க. காசு கிடையாது. வீட்டில் தையல் டேப் இருந்தா இன்னைக்கே தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்க. மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டு அளக்கக் கூடாது!

22/
மகன் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். அப்பாவின் காலைத் தினமும் பார்க்குற பொறுப்பும் அவர் எடுத்திருக்கார். கிளம்பும்போது பெரியவர் மெதுவா என்கிட்ட, "இவன் தப்பிச்சிருவான்ல சார்?"ன்னு கேட்டார்.

"நேரத்துல பார்த்துட்டோம் ஐயா. தப்பிச்சிருவார்"ன்னு சொன்னேன். அடுத்த வாரம் புண் கட்ட வரும்போது, ஸ்டாண்டர்ட் 2000ன் பழைய போட்டோ ஒண்ணு வீட்டில் இருக்குதாம், எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

உங்க வீட்டிலோ தெருவிலோ யாராவது ஸ்டாண்டர்ட் 2000, ஹெரால்டு, கெசல் வச்சிருந்தாங்களா? வளைகுடாவில் கேப்ரிஸ் ஓட்டினவங்க இருக்கீங்களா? கீழே எழுதுங்க, அந்தத் தம்பிகிட்ட காட்டுறேன்.

இடுப்பை அளக்க மறந்துடாதீங்க.